கனம் பார்த்து எடுத்த பவர் சப்ளை

புதுவாயல் கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடி மேசைமீது சாயங்கால வெயில் சாய்ந்து கிடக்கிறது. நெடுஞ்சாலையில் லாரி போகும்போதெல்லாம் மேசையும் கூடவே அதிர்கிறது. ஓராண்டு பகுதிநேர வேலை பார்த்து வாங்கிய கிராபிக்ஸ் கார்டை, பிரசவ வார்டிலிருந்து குழந்தையோடு வெளியே வந்தவன் போல, லோகு மார்போடு பிடித்திருக்கிறான். இனி அதற்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளைதான் பாக்கி. தப்பானது அமைந்தால் கார்டு கருகிவிடும். ஆனாலும் அவன் கண் ஏழு நிறத்தில் மின்னும் 750 வாட்டை விட்டு நகரவில்லை. டிரான்ஸ்பார்மர் கம்பெனியில் ஷிப்ட் முடித்து நேராக வந்த தங்கை மோனிகா, அதை ஒரு கையிலும் மின்னாத 550 வாட்டை மறுகையிலும் ஏந்திக் கண்ணை மூடுகிறாள். கம்பெனியில் சுருளில் செம்பு குறைகிறதா என்று இப்படித்தான் தூக்கிக் கனம் பார்ப்பாள். “அண்ணா, இது காலி தீப்பெட்டி மாதிரி கீது. உள்ள ஒண்ணும் இல்ல, வெளிய பந்தா. அப்பிடியே உன்ன மாதிரி.” கடைக்காரர் பரசுராமன் இருமுவது போலச் சிரிக்கிறார். “பாப்பா சொல்றது கரெக்ட்டு. மின்னுறதத்தான் கேக்குறாங்கோ, குடுக்குறோம். நாங்க இன்னா பண்றது?” லோகு கனமான 550 வாட்டையே வாங்கிக்கொள்கிறான். அவர்கள் வீட்டில் நன்றி என்ற சொல் கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் வரும். அதனால் அவள் தோளில் தொங்கும் சாப்பாட்டுப் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொள்கிறான். “இன்னாணா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று அவள் நிஜமாகவே பயப்படுகிறாள்.