கன்னத்துக்கு எத்தனை கேபி?

"ஏனுங்கக்கா, இதுக்கு மேல என்னால ஆகாதுங்க!"

கதிர்வேல் மௌஸை விட்டுக் கையை எடுத்து ஒரு கும்பிடு போட்டான்.

நாமகிரிப்பேட்டையில் அவன் பிரவுசிங் சென்டர் என்றால் சும்மா இல்லை. யானையின் போட்டோவைக் கொடுத்தாலும் எறும்பு தூக்கும் அளவுக்குச் சுருட்டி, வால் மயிர் ஒன்று குறையாமல் திருப்பித் தருவான். அப்படித்தான் அவன் சொல்லிக்கொள்வான். வாசலில் போர்டே இருந்தது: 'கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் போட்டோ சுருக்கித் தரப்படும்.'

அந்தப் பெருமையைத்தான் முக்கால் மணி நேரமாக வஹீதுன்னிசா போட்டு மிதித்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாண வெப்சைட்காரன் அம்பது கேபிக்கு மேல வாங்க மாட்டேங்கறான். உங்க பொண்ணு ஜோயா போட்டோ ஐயாயிரம் கேபி. சுருக்கிட்டேன். கம்மல் கல்லு மின்னுது, கண்ணு மை தெரியுது. இன்னும் என்னங்க குறை?"

"தழும்பு எங்க தம்பி?"

"எந்தத் தழும்பு?"

"இடது கன்னத்துல. சின்ன வயசுல சுடுதண்ணி பட்டது."

பெரிய படத்தில் அது லேசாக, பிறை போலத் தெரிந்தது. சுருக்கிய படத்தில் கன்னம் வழவழவென்றிருந்தது.

"கண்ணு கவனிக்காததைக் கம்ப்யூட்டர் கழிச்சுக்கட்டிடும். நல்லதுதானுங்களே? அவனவன் தழும்பை அழிக்கக் காசு கொடுத்துட்டுப் போறான்!"

"எனக்கு அது இருக்கணும். பின்னாடி ரோஜாச் செடி எதுக்கு? வெட்டுங்க. கம்மல் மங்குனா மங்கட்டும். கன்னத்தை மட்டும் விட்ருங்க."

வெட்டினான். ஐம்பத்தெட்டு. இன்னும் இறக்கினான். நாற்பத்தொன்பது. தழும்பு மறுபடியும் மாயம்.

"இல்லை தம்பி."

சிட்டா எடுக்க வந்து பெஞ்சில் காத்திருந்த அப்புசாமி, எழுந்து வந்து கதிர்வேலின் காதைக் கடித்தார்.

"சாமி, இவிய அந்தப் புள்ளைக்குச் சித்தி. பெத்தவளா இருந்தா இப்படிக் கேப்பாளா? வார மாப்பிள்ளையும் வரக்கூடாதுன்னே பண்ணுது பாரு."

கதிர்வேலுக்கு உச்சந்தலை கொதித்தது. வந்த வேகத்தில் மிச்சமிருந்த செடியையும் வெட்டினான், தோளை வெட்டினான், கம்மலையும் பாதியோடு வெட்டினான். முகம் மட்டும் மிஞ்சியது. நாற்பத்தொன்பது கேபி. கன்னத்தில் பிறை பளிச்சென்று இருந்தது.

"இந்தாங்க, உங்க தழும்பு! போதுமா? போன வருஷம் இதே போட்டோவை நான்தானே சுருக்கிக் கொடுத்தேன்? அப்ப வாயத் தொறக்காம வாங்கிட்டுத்தானே போனீங்க?"

வஹீதுன்னிசா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதைப் பார்த்துத்தான் தம்பி, மூணு மாப்ள வீட்டுப் பொம்பளைங்க வந்தாங்க. ஜோயா டீ கொண்டாந்து நீட்டுவா. கன்னத்தைப் பார்த்துட்டு, 'போட்டோல இது இல்லையே'ன்னு அவ மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டு, டீயைத் தொடாம எந்திரிச்சுப் போவாங்க."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இனிமே வேண்டாங்கறவங்க, போட்டோவைப் பார்த்து அவங்க ஊட்லயே சொல்லிக்கட்டும். எம் புள்ள காதுல விழ வேண்டாம்."