சமையற்காரனின் சட்டை

ரைன் நதிக்கரைக் கோட்டையின் கதவை எதிரிகள் இடித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டைப் பிரபு வோல்கர் தன் பட்டு அங்கியைக் கழற்றிச் சமையற்காரன் டீட்மாரிடம் எறிந்தார்.

"இதை நீ மாட்டிக்கோ. உன் அழுக்குச் சட்டையைக் கழட்டிக் குடு."

"உங்களுக்குப் பதிலா நான் சாகணுமா, எசமான்?"

"வாயை மூடுடா! வர்றவன் என் முகத்தைப் பார்த்ததே இல்ல."

இருவரும் உடை மாற்றி முடித்ததும் கதவு உடைந்தது. உள்ளே வந்த இளம்பிரபு எக்பர்ட், பட்டு அங்கியைக் கண்டதும் வாளைத் தாழ்த்தினான்.

"உங்க மேல எனக்குக் கோபமில்ல, பிரபு. இங்க விருந்துக்கு வந்த எங்கப்பாவுக்கு சூப்புல விஷம் வெச்ச சமையற்காரன்தான் வேணும்."

விஷம் வைக்கச் சொன்ன வோல்கர் பதறி முன்னால் ஓடிவந்தார்.

"ஐயோ, நான்தான் பிரபு!"

எக்பர்ட் திரும்பிப் பார்த்தான். "இவன் யாரு?"

டீட்மார் அங்கியைச் சரிசெய்துகொண்டான்.

"அவன்தான். இழுத்துட்டுப் போங்க."