உதைக்கிற மாடு

"இந்த மாட்டை வித்துத் தொலைச்சாத்தான்..."

"முதல்ல மெஷினைப் பாக்கட்டும்னு சொல்றேன்ல!"

"மெஷின் என்னடி பண்ணும்? உதைக்கிறது மாடு!"

ஜாக்சனும் ரெனிட்டாவும் மாற்றி மாற்றிக் கத்த, சூளகிரியிலிருந்து வந்திருந்த மெக்கானிக் சல்மான், பால் கறக்கும் மெஷினின் மீட்டரைக் குனிந்து பார்த்தான்.

"அண்ணே, பாலை உறிஞ்சுற இழுவையை இவ்வளவு ஏத்தி வச்சது யாரு?"

"நான்தான். மெதுவா கறந்தா நான் வேலைக்குப் போற கம்பெனி பஸ் போயிடுதுப்பா."

"இப்படி இழுத்தா காம்பு வலிக்கும்ணே. உதைக்காம அது என்ன பண்ணும்?"

சல்மான் ஸ்க்ரூவைத் திருகி இழுவையைக் குறைத்தான். குழாய்களை மறுபடி மாட்டியபோது மாடு அசைபோட்டபடி பேசாமல் நின்றது.

"தங்கமான மாடுக்கா! நல்லவேளை, அவசரப்பட்டு விக்காம என்னைக் கூப்பிட்டீங்க."

ரெனிட்டா சிரிக்கவில்லை.

"இது முந்தாநாள் வாங்குனது தம்பி. எங்க வீட்டுலயே பொறந்து வளந்ததை, உதைக்குதுன்னு போன வாரம் அடிமாட்டு லாரிக்குக் குடுத்துட்டோம்."

ஜாக்சன் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"லாரியில ஏத்துறப்போ அது யாரையுமே உதைக்கலையேங்க?"