நிற்காத கோடு

“பையை எடு. இனி ஒரு நிமிஷம்கூட நீ இங்க இருக்கக் கூடாது.”

ஓவிய மிஸ் இப்படிச் சொன்னதும் வகுப்பே பென்சிலைக் கீழே வைத்துவிட்டது.

சொன்னது யாரிடம்? கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வந்துபோகும் அந்தச் சின்னப் பெண்ணிடம். ஒரு கோடு போட்டால் இரண்டு முறை அழிப்பாள். வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் ‘ரப்பர்’.

எல்லாருமே புதிதாக வரையக் கற்பவர்கள்தான். போன வாரம் கோடுகளைப் பற்றிய பாடம். பாரம் அழுந்துகிற இடத்தில் தடித்த கோடு. வெளிச்சம் படுகிற இடத்தில் மெல்லிய கோடு. ஓரம் மங்கி மறைகிற இடத்தில் விட்டுவிட்டு ஒரு கோடு. நிழலுக்கு நெருக்கமாகச் சாய்ந்த கோடுகள்.

“வீட்ல யாராவது தூங்கும்போது பக்கத்துல உட்கார்ந்து வரைங்க. பேனாவுல. கண்ணு ஆளைப் பாக்கணும், பேப்பரைப் பாக்கக் கூடாது. ஒரு இடத்துக்கு ஒரே கோடு” என்று சொல்லி அனுப்பியிருந்தார் மிஸ்.

இன்று எல்லாப் படங்களும் சுவரில். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் தன் மனைவியை வரைந்திருந்தார்.

“முழிச்சிருந்தா ஒரு இடத்துல நிக்க மாட்டா மிஸ். தூங்கினாத்தான் எனக்குச் சான்ஸ்.”

மிஸ்ஸும் சிரித்தார். அடுத்த படத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

ரப்பரின் படம். தூங்குகிற குழந்தை. தலை, கை, கால் எல்லாம் வழக்கம்போல நடுங்குகிற மெல்லிய கோடு. ஆனால் விலா எலும்புக்குக் கீழேயும் கழுத்துக் குழியிலும் ஒரே கிறுக்கல். கோட்டின் மேல் கோடு, அதன் மேல் இன்னொரு கோடு, பேப்பர் கிழிகிற அளவுக்கு.

மிஸ் அவள் பக்கம் குனிந்து தணிந்த குரலில் ஏதோ கேட்டார். அவளும் ஏதோ முணுமுணுத்தாள். அதற்கப்புறம்தான் அந்தப் ‘பையை எடு.’

படத்தைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மிஸ் படியிறங்கிவிட்டார்.

கீழே மிஸ்ஸின் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. பிறகு எல்லாரும் பேசினார்கள்.

“படம் சரியில்லன்னா சொல்லித் தரணும். கழுத்தைப் பிடிச்சுத் தள்றதா?” என்றார் மேனேஜர்.

“பாவம் சார். அதுவே வாயில்லாப் பூச்சி” என்றாள் தையல்கடை அக்கா. “பிய்ச்ச வேகத்தைப் பாத்தீங்களா? சுவத்துக் காரையும் சேந்து வந்துடுச்சு.”

“வரட்டும். சாவி அவங்ககிட்டதானே இருக்கு, பூட்ட வந்துதானே ஆகணும். கேக்காம விடறதில்ல.”

காத்திருந்தார்கள். தெருவிளக்கு எரிய ஆரம்பித்த பிறகு மிஸ் வந்தார். தலை கலைந்திருந்தது. யாரையும் பார்க்காமல் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். “மிஸ், நீங்க பண்ணினது எங்க யாருக்கும் பிடிக்கல. ஒரே கோடுன்னு சொன்னீங்க, சரி. அந்தப் பொண்ணு பத்து கோடு போட்டுது. அதுக்காக...”

“நானும் அதைத்தான் சார் கேட்டேன். ஏம்மா ஒரே இடத்துல இத்தனை கோடுன்னு.”

“என்ன சொல்லிச்சு?”

“‘கோடு நிக்க மாட்டேங்குது மிஸ். மூச்சு இழுக்கறப்ப அந்த இடம் குழியா உள்ள போயிடுது. அப்புறம் வெளிய வருது. நான் எதைப் போடறது’ன்னா.”

மேனேஜர் சுவரில் அந்தப் படம் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னிக்கு மத்தியானம் வரைஞ்சதாம். வீட்ல சொல்லியிருக்கா. வெறும் சளி, நீ எதுக்கெடுத்தாலும் பயந்து சாகறவ, போய் உன் கோட்டைப் போட்டுட்டு வான்னு மாமியார் அனுப்பிவெச்சிருக்காங்க.”

“நீங்க அவங்க வீட்டுக்கா போனீங்க? மாமியார் என்ன சொன்னாங்க?”

“எங்கிட்டயும் அதேதான். நாங்க பெத்து வளக்காததான்னு கேட்டாங்க. நான் வாதாடல. படத்தைத் தொட்டில் பக்கத்துல பிடிச்சேன். இந்தக் கோட்டையும் பாருங்க, குழந்தையையும் பாருங்கன்னேன். மாறி மாறிப் பாத்தாங்க. அப்புறம் செருப்புகூடப் போடல சார். பேரனைத் தூக்கிட்டு எனக்கு முன்னாடி கார்ல ஏறிட்டாங்க.”

“குழந்தை?” மேனேஜரின் குரல் இறங்கியிருந்தது.

“ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வெச்சிருக்காங்க. விடியட்டும்னு இருந்திருந்தா கஷ்டம்னார் டாக்டர். இப்ப மூச்சு கொஞ்சம் நிதானமா இருக்கு.”

மிஸ் கையிலிருந்த படத்தை விரித்தார். கசங்கியிருந்தது. எல்லாரும் எழுந்துவந்து சுற்றி நின்றார்கள். பார்க்கப் பார்க்க அது கிறுக்கலாகத் தெரியவில்லை. ஒரு கோடு உள்ளே, ஒரு கோடு வெளியே, மறுபடி உள்ளே. அந்தப் பேப்பரில் குட்டி நெஞ்சு ஒன்று காற்றுக்குப் போராடிக்கொண்டிருந்தது.

தையல்கடை அக்கா தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“இத்தனை வருஷமா ‘பாத்து வரைங்க, பாத்து வரைங்க’ன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன் சார்” என்றார் மிஸ். “ஒருத்தர் நிஜமாவே பாத்தா எப்படி இருக்கும்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”