விரல் வந்து சேரும் வரை

“அக்கா, உன் விரல் வந்து சேர்ற வரைக்கும் நான் இழுத்துப் பாடட்டுமா?” என்று கேட்டு, சின்ன வயதில் தம்பி ஒரு சினிமாப் பாட்டு வரியின் கடைசிச் சொல்லை, பல் விழுந்த வாயால், முகம் சிவக்க இழுப்பான். அப்படித்தான் அவள் கிட்டார் பழகினாள். இன்று தையல்காரியான அவளுடைய மெஷின்மேல் மாலை வெயில் கிடக்கிறது. சுவருக்கு அப்பால், புதிதாகக் குடிவந்த பெண் அதே பழைய பாட்டைக் கிட்டாரில் வாசிக்கிறாள். ஜி மேஜர் என்ற விரல்பிடியிலிருந்து சி மேஜர் பிடிக்கு மாறும் இடத்தில் விரல் தடுமாறி, பாட்டு நின்றுபோகிறது. “சே, நமக்கு இதெல்லாம் ஒத்து வராது! நாளைக்கே இந்தக் கிட்டாரைக் கடையில திருப்பிக் குடுத்திடறேன்” என்று அவள் அலுத்துக்கொள்வது கேட்கிறது. தையல்காரி சுவரோரம் போய் அந்த வரியைப் பாடுகிறாள். கடைசிச் சொல்லை மூச்சு முட்ட இழுக்கிறாள். அந்தப் பக்கம் ஒவ்வொரு விரலாகத் தேடி அமர்கிறது. சி மேஜர் முழுசாக ஒலிக்கிறது. “யாருங்க அது?” ஆண்டவனுக்குத் தெரிந்தால் போதும் என்று, அவள் மறுபடி மெஷினை மிதிக்கிறாள்.