மெஸ் வாசல் சத்தம்

"அந்தப் பாத்திரத்த இப்படிக் குடு," என்றார் நேசையன்.

நாகலிங்கம் கொடுக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

அவன் ரங்கூன் தமிழன். அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், அந்த ஆட்சிக்குக் கீழே வேலை பார்க்கமாட்டேன் என்று டீச்சரான அவன் தங்கை மீனாம்பாள் வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். பிடித்துக்கொண்டு போய் ஜெயிலில் போட்டுவிட்டார்கள். அவளைப்போல எத்தனையோ பேர் உள்ளே கிடக்கிறார்கள்.

அவர்களை வெளியே விடச் சொல்லித்தான், ராத்திரி எட்டு மணி ஆனால் ரங்கூனில் வீட்டுக்கு வீடு பாத்திரத்தைத் தட்டினார்கள். பேயை விரட்ட அந்த ஊரில் அப்படித் தட்டுவது வழக்கம். சத்தம் வரும் வீட்டில் பட்டாளம் புகுந்து ஆளைத் தூக்க ஆரம்பித்ததும் தெரு அடங்கிவிட்டது.

அம்மா அங்கே தனியாள். தட்டுவதற்குப் பயம், தட்டாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. அதனால் மகன் இங்கே வளைகுடாவில், முசஃபா லேபர் கேம்பில், டூட்டி முடிந்து வந்ததும் போனைப் போட்டு வைத்துவிட்டுத் தட்டுவான். இங்கே சாயங்காலம் அஞ்சரை என்றால் அங்கே எட்டு. அம்மா அங்கே கேட்டுக்கொண்டிருப்பாள்.

இவ்வளவையும் அவன் சொல்ல, கேம்ப் இன்சார்ஜ் நேசையன் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுப் பேசியதைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை.

"இது நம்ம நாடு இல்ல, பாத்துக்க. இங்க கூட்டம், கோஷம் ஒண்ணும் கூடாது. எவனாவது வெளிய போய்ச் சொன்னா உன்னய ஏத்தி அனுப்பிருவாவ. போய் எறங்குற எடத்துல பட்டாளம் நிக்கும். கலாஸ், எல்லாம் முடிஞ்சிரும். குடு."

பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு போயேவிட்டார்.

சத்தம் தாங்கவில்லை, வேலை விட்டு வந்து கொஞ்சம் கண்ணசர முடியவில்லை என்று நேசையனிடம் போய்ச் சொன்னது அதே ரூம் விஜயபாஸ்கர்தான். அரியலூர்க்காரன், வெல்டர். ஆனால் பாத்திரம் போனதும், கல்நெஞ்சக்காரன் என்று நேசையனை முதலில் திட்டியதும் அவனேதான். மனுசன் என்றால் அப்படித்தானே.

மறுநாள் நேசையன் புதுச் சட்டம் போட்டார். தட்டுகிற ஆசை அவ்வளவு இருந்தால் நாகலிங்கம் மெஸ் வாசலில் நின்று தட்டட்டும், எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடுகிற டூட்டி இனி அவனுக்கு என்றார். அதோடு விட்டாரா? வரிசையில் நிற்கிறவர்களும் தங்கள் தங்கள் தட்டைத் தட்டவேண்டும், தட்டாதவன் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். ஏன் என்று கேட்டால், எவ்வளவு கூட்டம் வந்திருக்கிறது என்று சமையல்காரனுக்குத் தெரியவேண்டுமாம்.

அதைவிடக் கொடுமை, ராத்திரிச் சாப்பாட்டை வெயில் சாய்வதற்குள் கொண்டுவந்துவிட்டார். சைட்டிலிருந்து வரும் பஸ்ஸை விட்டு இறங்கிய காலோடு, சிமெண்டும் வேர்வையுமாக மெஸ்ஸுக்கு ஓடவேண்டியிருந்தது. கேம்பே அவரைச் சபித்துக்கொண்டு தட்டியது. அந்தக் கோபத்தில் சத்தம் இன்னும் பலமாக வந்தது.

வாசலில் நின்று தட்டும் நாகலிங்கத்தின் கண் தினமும் கலங்கியிருந்தது. விஜயபாஸ்கரால் அதைப் பார்க்க முடியவில்லை. ஒருநாள் நேரே ஆபீஸ் ரூமுக்குப் போனான்.

"அண்ணே, தங்கச்சிய ஜெயில்ல வச்சிக்கிட்டுத் தவிக்கிறவன். அவன எல்லார் முன்னாடியும் நிக்கவச்சி அவமானப்படுத்துறீங்களே. தினம் அழுவுறாண்ணே."

நேசையன் நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் சட்டப் பையில போன் ஆன்ல இருக்கது உனக்குத் தெரியாதாக்கும்?"

"போனா?" என்றான் விஜயபாஸ்கர்.

"அவனுக்க அம்மையும் அந்தப் பக்கம் கேட்டு அழுதுட்டுத்தான் இருக்காவ. நேத்து எங்கிட்டப் பேசினாவ. இத்தன பேரும் எம் மவள விடச் சொல்லியா தட்டுதாவன்னு கேட்டாவ. ஆமாம்மான்னு சொல்லிட்டேன். ஒங்க எல்லாருக்கும் கோடிப் புண்ணியம்னு சொல்லச் சொன்னாவ."

முகம் தெரியாத ஒரு அம்மா விஜயபாஸ்கருக்கும் சேர்த்து நன்றி சொல்லியிருக்கிறாள். தான் இத்தனை நாளும் திட்டிக்கொண்டே தட்டியதற்கு.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொன்னா அது போராட்டம். உங்க வேலைக்கும் ஆபத்து. சொல்லலன்னா வெறும் சாப்பாட்டுச் சத்தம்."

"சரிண்ணே. ஆனா அதுக்கு எதுக்கு வெயில் சாயறதுக்குள்ள சாப்பாடு? ஒரு வாளித் தண்ணி ஊத்திக்கிட்டு வரவிட்டாக்கூட நல்லாத் தட்டுவமே."

நேசையன் முதல்தடவையாகச் சிரித்தார்.

"நீங்க குளிச்சிட்டு வாற வரைக்கும் ரங்கூன்ல எட்டு மணி காத்து நிக்காது, பாத்துக்க."