பெட்டி பிரிக்காத தளபதி

காமிக்ஸில் வரும் விண்வெளி வீரர்களின் பொம்மைகளைப் பூங்கோதை இரண்டிரண்டாகத்தான் வாங்குவாள். ஒன்று கையில் வைத்துக் கொஞ்ச, மற்றொன்று பெட்டி பிரிக்காமல் பத்திரப்படுத்த.

பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட தளபதி, வெளியே நின்ற தன் ஜோடியிடம் கேட்பான்: "அவ கை எப்படிடா இருக்கும்?"

"வெதுவெதுன்னு இருக்கும்."

"சும்மா பீத்தாதே."

ஒருநாள் வெளியே நின்றவன் அலமாரியிலிருந்து விழுந்து கை ஒடிந்தான். தூக்கிப் போட பூங்கோதைக்கு மனசு வரவில்லை. வெகுநேரம் யோசித்தவள், பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்தவனின் கையைக் கழற்றி விழுந்தவனுக்கு மாட்டினாள். இருவரையும் ஒட்டி நிறுத்திவிட்டுப் போனாள்.

"என்னால உன் கை போச்சேடா," என்றான் விழுந்தவன், அழாக்குறையாக.

ஒற்றைக்கைத் தளபதி பூங்கோதை போன திசையையே பார்த்தான்.

"அவ கையைப் பத்தி நீ கொஞ்சம் குறைச்சுத்தான்டா சொல்லியிருக்கே," என்றான்.